பெயர் எழுதாத குழந்தை

கனடாவுக்குத் தப்பிப்போன என் மகன் கேட்டோவுக்கு, அம்மா டோர்கஸ் சொல்லி எழுத வைப்பது. முழங்கால் வலி தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை, உன் நெஞ்சுச் சளி விட்டதா, அங்கே கம்பளிக் காலுறை கிடைக்கிறதா என்பதுதான் கவலை. நம் எஜமான் வில்மர் துரையைக் குத்திப்போட ஒருநாள் வருவேன் என்று சொல்லி அனுப்பியிருந்தாய். வராதே அப்பா. அந்த ஆள் விழுந்துவிட்டான், கத்தியில்லாமல் நானே தள்ளிவிட்டேன்.

துரை நம்மை வர்ஜீனியாவிலிருந்து ஆற்றைத் தாண்டி இந்த மேரிலாந்துக்குக் கொண்டுவந்தபோது உனக்கு ஐந்து வயது, உன் தங்கை கெசையா பிறந்து மூன்று வாரம். வெளியிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்தால் அவர்கள் விடுதலை என்று இங்கே சட்டம் இருந்தது. அது தெரிந்த அன்று நான் சமையலறையில் அழுதே விட்டேன். ஆனால் துரை சட்டசபைக்கு மனுப் போட்டான், சபைக்காரர்கள் நாலு பேரை வீட்டுக்கே அழைத்து வாத்து வறுவலும் சிப்பியும் போட்டான், சமைத்தவள் நான். அதில் ஒருவன் எலும்பைக் கடித்துக்கொண்டே, "சட்டமெல்லாம் அடிமை வியாபாரிங்களுக்குய்யா, உங்கள மாதிரி பெரிய மனுஷனுக்கா?" என்று சிரித்தான். துரைக்கு மட்டும் விலக்கு என்று தனிச் சட்டம் எழுதினார்கள். நான் தட்டோடு நிற்க, என் எதிரிலேயே படித்தார்கள்: டோர்கஸ் என்பவளும் அவள் மகன் கேட்டோவும் அவருக்கே அடிமைகள். கூடையில் கிடந்த குழந்தையைக் காட்டி ஒருவன் கேட்டதற்குத் துரை, "இது ஒரு கோடையத் தாண்டட்டும், அப்புறம் எழுதிக்கலாம்" என்றான். பிழைக்குமோ என்னவோ என்று எந்தக் குழந்தையையும் முதல் கோடைக் காய்ச்சல் தாண்டும்வரை அவன் கணக்கில் சேர்ப்பதில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. பதினேழு வருடம் திறக்கவில்லை, உன்னிடம்கூடச் சொல்லவில்லை, அதற்கு நீ கோபிக்கக்கூடாது. அவள் பெயர் சட்டத்தில் விட்டுப்போனது வெளியே தெரிந்திருந்தால் இன்னொரு விருந்து வைத்து இன்னொரு சட்டம் வாங்கியிருப்பான்.

போன வசந்தத்தில் அவன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கெசையாவைச் சீதனமாக அனுப்பப் போவதாகச் சொன்னான். நான் காப்பி ஊற்றிக்கொண்டே மெதுவாகச் சொன்னேன், "துரை, இவ வர்ஜீனியாவுல பொறந்தவன்னு சீதனப் பத்திரத்துல போடுங்க, இல்லேன்னா சம்பந்தி வீட்டுல இந்த ஊர்க்காரின்னு எளக்காரமா நெனப்பாங்க." பன்றித் தொடையிலிருந்து குதிரைவரை வர்ஜீனியாச் சரக்கென்றால் அவனுக்கு எத்தனை பெருமை என்று உனக்குத் தெரியுமே. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தன் கையாலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டான். சபை கலைந்து எல்லோரும் ஊருக்குப் போகும்வரை பொறுத்திருந்து, அடிமைத்தனத்தை எதிர்க்கும் குவேக்கர் மதத்து வக்கீலிடம் கெசையாவை அனுப்பினேன். சபை மறுபடி கூடுவது குளிர்காலத்தில், கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது இலையுதிரும் முன்பே. பத்திரத்தைப் படித்தார்கள், அவள் வெளியிலிருந்து வந்தவள் என்று துரையின் கையெழுத்தே சொன்னது, விலக்குச் சட்டத்தையும் படித்தார்கள், அதில் அவள் பெயர் இல்லை, அவள் விடுதலை என்றார்கள். சீதனம் போனதில் கல்யாணமும் நின்றுபோனது, அதற்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

அன்று சாயங்காலம் துரை சமையலறைக்கு வந்தான், முகம் கோணியிருந்தது. "நீதானேடி எழுதச் சொன்னே?" என்றான். "ஆமா துரை, பதினேழு கோடையத் தாண்டிட்டாளே, இனிமே எழுதிக்கலாம்னுதான்" என்றேன். தெற்கே பருத்திக் காட்டுக்கு விற்றுவிடுவேன் என்று குதிக்கிறான். இந்த முழங்காலை எவன் வாங்குவான்? தினமும் அவன் முன்னால் காப்பியை வைத்துவிட்டு அவன் குடித்து முடிக்கும்வரை நிற்கிறேன். அவனால் நிமிர்ந்து என்னைப் பார்க்க முடியவில்லை, எனக்கு அது இனிக்கிறது, கடவுள் மன்னித்தாலும் சரி மன்னிக்காவிட்டாலும் சரி.

இதை எழுதுவது கெசையாதான், வக்கீலின் தங்கை அவளுக்கு எழுத்துப் பழக்கினார். இந்தக் கடிதம் கொண்டுவரும் படகிலேயே அவளும் வருகிறாள், கூட்டிக்கொள். நீயும் அவளும் எந்தச் சட்டமும் எட்டாத இடத்தில் நூறு கோடை தாண்டி வாழவேண்டும். கத்தியை ஆற்றில் போடு, காலுறை போட மறக்காதே.

இப்படிக்கு,
சட்டத்தில் பெயர் உள்ள உன் அம்மா,
டோர்கஸ்