ஒரே ஒரு முறை பயன்படுத்தியது

காலையில் கைப்பேசியில் உன் சிலிண்டரைப் பார்த்தேன். பழைய சாமான் விற்கும் செயலி. மஞ்சள் நிறம், முழங்கை நீளம், மேலே வாயில் கடித்துக்கொள்ளும் கறுப்பு ரப்பர். பின்னால் உன் அக்கா வீட்டுக் கட்டிலின் பூப்போட்ட விரிப்பு. கீழே உன் அக்கா கணவர் எழுதியிருக்கிறார்: தண்ணீருக்கடியில் மூச்சுவிடும் கருவி. ஒரே ஒரு முறை பயன்படுத்தியது. புதிது போல.

உண்மைதான். ஒரே ஒரு முறை.

பார்சல் வந்த அன்று ராயபுரத்தில் உன் வீட்டு மொட்டைமாடியில் இருந்தோம். கூடவே வந்த கைப்பம்பை அழுத்தி அழுத்திக் காற்று நிரப்பினாய். பக்கத்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாள் எட்டிப் பார்த்தார்.

"இன்னா நைனா, லாரி டயருக்கா?"

"இல்லக்கா. கடலுக்குக் காத்தடிக்கிறேன்."

நான் கேட்டேன். "யார்னா கத்துக்குடுத்தாங்களாடா?"

"கத்துக்க இன்னா மாமு கீது? வாய்ல வெச்சு மூச்சு வுடணும். பொறந்ததுலேர்ந்து அத்தத்தான் பண்ணிகினு கீறேன்."

விளம்பரமும் அதையேதான் சொன்னது. பயிற்சி தேவையில்லை, யாரும் பயன்படுத்தலாம். அதில் தண்ணீர் நீலம். பவளப் பாறை. பல் தெரியச் சிரிக்கும் ஒரு குடும்பம். நம் தண்ணீரில் நீட்டிய கை தெரியாது. டீசல் மிதக்கும். இதில் எதைப் பார்க்கப் போகிறாய் என்றேன்.

"இத்தினி வருசமா தரையத் தொட்டுட்டுத் தொட்டுட்டு வந்துகினு கீறோம். ஒருவாட்டி அங்கியே குந்திப் பாக்கணும்."

முட்டாள். இதை அன்பாகச் சொல்லவில்லை.

பள்ளி நாட்களில், கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுக் கற்களிலிருந்து குதிப்போம். அடியிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து வர வேண்டும். நாங்கள் மேலே வந்ததும் கரையில் போட்ட மீன் மாதிரி வாயைப் பிளப்போம். நீ மட்டும் கன்னம் உப்ப வருவாய். எங்களை ஒரு சுற்றுப் பார்ப்பாய். மண்ணைக் காட்டுவாய். அப்புறம்தான் மூச்சை விடுவாய். அது உன் கெத்து.

சிலிண்டரோடு இறங்கிய அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் வந்தாய். இரண்டு ஆள் ஆழம், அதற்கு மேல் இல்லை. குமிழிகள் வந்தன, நின்றன. கன்னம் உப்ப எழுந்தாய். சிலிண்டர் கழுத்துக் கயிற்றில் தொங்கியது. ஒரு சுற்றுப் பார்த்தாய். மண்ணைக் காட்டினாய். நான் கல்மேல் நின்று கைதட்டினேன்.

வாயைத் திறந்தாய். சிவப்பு நுரை.

சாவு வீட்டில் "குடிச்சிருப்பான்" என்றார்கள். நீச்சல் தெரிந்தவன் மூழ்குவானா என்றார்கள். நீ மூழ்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்: "மேல வரும்போது மூச்ச அடக்கியிருக்கார். நுரையீரல் கிழிஞ்சிருக்கு."

தண்ணீருக்கு மேலே இழுத்து உள்ளே கொண்டுபோகும் மூச்சு போனபடியே திரும்பும். அடியில் சிலிண்டரிலிருந்து இழுத்த மூச்சு அப்படி அல்ல. தண்ணீரின் அழுத்தத்துக்குள் எடுத்தது. மேலே வர வர விரியும். அதை விட்டுக்கொண்டே வர வேண்டும். பயிற்சிக்குப் போனால் முதல் பாடமே இதுதான். விளம்பரத்துக்கு இதைச் சொல்ல நேரமில்லை. பற்களைக் காட்ட நேரம் இருந்தது.

விற்றவர்களுக்கு எழுதினேன். உடனே பதில் வந்தது. உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம். எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?

இன்று மதியம் திருவொற்றியூரில் உன் அக்கா வீட்டுக்குப் போனேன். அதை எனக்குக் கொடுத்துவிடுங்கள் என்றேன். உன் அக்கா கணவர் சோற்றிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"உனக்கு இன்னாத்துக்கு? மாத்தூர்லேர்ந்து ஒருத்தர் சாயங்காலம் வரேன்ட்டார். லீவுக்குப் பொண்ண கோவளம் இட்டுகினு போறாராம்."

"இதுல இன்னா ஆச்சுன்னு அவராண்ட சொன்னீங்களா?"

"பொருள் நல்லாத்தான் கீது. அவனுக்குத்தான் யூஸ் பண்ணத் தெரியல."

அதில் பொய் இல்லை. இவ்வளவு கேவலமான ஓர் உண்மையை நான் கேட்டதில்லை.

உன் அக்கா சிலிண்டரை எடுத்து என் பையில் போட்டாள். கணவரின் கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். "அந்தாளுக்கு நீயே போன் போட்டு சொல்லு."

சொன்னேன். இதைப் பயன்படுத்தியவன் இறந்துவிட்டான், விற்பதற்கில்லை என்று. மறுமுனையில் அவர் "ஐயையோ" என்றார். ஒரு கணம்தான்.

"நல்லவேளை சொன்னீங்க தம்பி. அப்ப பழசு வேணாம். புதுசாவே வாங்கிடறேன்."

சிரிப்பு வந்தது. விற்றவன், ஒரே ஒரு முறை என்று எழுதியவர், புதிதாக வாங்கப்போகிறவர், கடலுக்குக் காற்றடித்த நீ. எல்லோர் மேலும் ஒரே வெறுப்பு. எக்கேடோ கெடுங்கள் என்று போனை வைத்துவிடலாம். பை திறந்திருந்தது. ரப்பரில் உன் பல் பதிந்திருந்தது.

"உங்க பொண்ணு நல்லா மூச்சடக்குவாளா?" என்று கேட்டேன்.

"அதுலதாங்க அவ ஃபர்ஸ்ட்டு," என்றார் பெருமையாக.

உன் அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டாள். உட்கார்ந்தேன். கொஞ்சம் நேரம் கொடுங்கள் சார், எனக்கு ஒரு தோஸ்து இருந்தான் என்று தொடங்கினேன். முதலில் உப்பிய உன் கன்னங்களைச் சொன்னேன். உன்னிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அதுதான்.