பதினாறு விநாடி

ஜூன் 3, 2024

மதுரை போய் வந்தேன். மூளை இரத்தக்குழாய்களின் நலத்தை எம்.ஆர்.ஐ.யில் பார்க்கும் ஆய்வு. அறுபது கடந்தவர்கள் சேரலாம். இரண்டு முறை அடுப்பை அணைக்காமல் விட்டதிலிருந்து மகள் பெல்சிக்குப் பயம். முடிவு நன்றாக இருந்தால் நான் இங்கே புதுவயல் வீட்டில் தனியே இருக்கலாம். இல்லாவிட்டால் சென்னை, அவளுடைய மூன்றாவது மாடி. ஒப்புக்கொண்டேன்.

கருவிக்குள் படுத்துப் பதினாறு விநாடி மூச்சை அடக்க வேண்டும். ஆறு முறை. அப்போது நல்ல குழாய்கள் விரியுமாம். விரிகின்றனவா என்று படம் எடுக்கிறார்கள்.

கருவியை இயக்கியவள் ரேணுகா, என்னிடம் இயற்பியல் படித்தவள். "தனி ஊசல் ஆடுறத எண்ணாமலே ரெக்கார்டு நோட்டுல எழுதிட்டேன்னு என்னைய வெளிய நிறுத்துனீகளே சார், மறந்துட்டீகளா?"

மறக்கவில்லை.

ஜூன் 4

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். ஆறு முறையும் பத்தாம் விநாடியிலேயே மூக்கால் மெல்ல மூச்சு இழுத்துக்கொண்டேன். பயம். அந்த இரைச்சலில் யாருக்குத் தெரியும்? வெளியே வந்ததும், "அருமையாப் பிடிச்சீக சார்" என்றாள் ரேணுகா. தலையாட்டினேன்.

ஜூன் 19

முடிவு வந்தது. குழாய்கள் சரியாக விரியவில்லை. பெல்சி போனில் அழுதாள்: "போதும்ப்பா, கெளம்பி வந்துருங்க."

விரியாதது என் குழாயா, என் பொய்யா? சொன்னால் ரேணுகா என்ன நினைப்பாள்? சொல்லாவிட்டால் வீட்டைப் பூட்ட வேண்டியதுதான்.

ஜூன் 20

சொல்லவில்லை.

ஜூன் 24

ரேணுகாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். எத்தனையாவது விநாடியில் என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். பிறகு, "அப்ப இன்னைக்கு ஒங்களத்தான் வெளிய நிறுத்தணும் சார்! வெள்ளிக்கிழமை வாங்க, மறுபடி எடுப்போம்."

வெட்கம் பிடுங்கித் தின்கிறது. இருந்தாலும், முதல் அளவு தப்புத்தானே? சுவர்க்கடிகாரத்தின் கீழே உட்கார்ந்து மூச்சடக்கப் பழகுகிறேன். பன்னிரண்டு வந்தது. மாலையில் பதினான்கு.

ஜூன் 28

ஆறு முறையும் பதினாறு. நெஞ்சு வெடிக்கும்போல இருந்தது. விடவில்லை.

ஜூலை 8

அதே முடிவு.

ரேணுகாவே கூப்பிட்டாள். "இந்தத் தடவ அளவுல பிழையே இல்ல சார்." டாக்டரும் தனியே இருக்க வேண்டாம் என்கிறாராம்.

இத்தனை நாள் ஒரு சந்தேகமாவது கையில் இருந்தது. அதையும் நானே போய்க் கொடுத்துட்டு வந்தேனே... எதுக்குச் சொன்னேன்? வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கக் கூடாதா?

ஜூலை 9

பால்கார ஏகப்பனிடம் மாதக் கடைசியோடு நிறுத்தச் சொன்னேன்.

"எங்குட்டு சார் போறீக? எப்ப வருவீக?"

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னேன்.