ஆட்களை ஏற்றக் கூடாது

நாமக்கல்,
ஐப்பசி மாதம், வெள்ளிக்கிழமை

அன்பு மகள் தனப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நான் நலம், உங்கப்பா நலம், டெக் ரொம்ப ரொம்ப நலம். நீயும் மாப்பிள்ளை யோகேஷும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க நம் ஆஞ்சநேயரை வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். நாம் பேசும்போது போனைப் பிடித்துக்கொண்டு நிற்பதே உங்கப்பாதான், கேமராவை என் முகத்துக்குக் காட்டாமல் பலகைக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார், பிறகு நான் எப்படி வாய் திறப்பது. அடுத்த தெரு ரஞ்சனி ஆக்லாந்துக்குத் திரும்பிப் போகிறாள், பருப்புப் பொடியும் கறிவேப்பிலைப் பொடியும் கொடுத்துவிடுகிறேன், நடுவில் இதையும் வைத்திருக்கிறேன். நிதானமாகப் படி. இத்தனைக்கும் மூலகாரணம் நீதான், அதனால் பாதியில் மடித்து வைக்காதே.

போன தை மாதம் உன் வீட்டுக்குப் பின்னால் மரப்பலகை மேடையில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு, டெக் அம்மா இது, அவரே கட்டினார் என்று போனில் காட்டினாய் அல்லவா. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நல்லாத்தான் இருக்குது கண்ணு, எனக்கும் இப்படி ஒண்ணு இருந்தா குதிகாலுக்குச் சுகமா இருக்கும் என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு நிற்காதீங்க என்று டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். நம் வீட்டில் சிமெண்ட் இல்லாத இடம் பூஜை அலமாரி ஒன்றுதான், அதில் நான் ஏறி உட்கார முடியாது. உங்கப்பா அப்போது பக்கத்தில் பல் குத்திக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் பார்த்தால் டேப்பை வைத்துப் புழக்கடையை அளந்துகொண்டிருக்கிறார். ஊரில இருக்கற லாரிக்கெல்லாம் பாடி கட்டறேன், உனக்கு ஒரு பலகை மேடை கட்ட மாட்டனா புள்ளை என்றார். உனக்கு என்று அவர் வாயால் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. மூக்குத்தி வாங்கித் தந்தபோதுகூடத் தங்கம் விலை ஏறப் போகுது என்றுதான் சொன்னார். எனக்கு உள்ளுக்குள் குளுகுளு என்று ஆகிவிட்டது, அதில்தான் ஏமாந்தேன்.

மாப்பிள்ளை போனில் எவ்வளவு பொறுமையாகச் சொன்னார் தெரியுமா. மாமா, பலகைக்கும் பலகைக்கும் நடுவுல ஒரு பென்சில் நுழையற அளவு இடுக்கு உடுங்க, மழைத் தண்ணி கீழ இறங்கோணும், மரம் ஊறி உப்பினாலும் இடம் வேணுமுங்க என்றார். சரிங்க மாப்பிள்ளை, சரிங்க மாப்பிள்ளை என்று தலையை ஆட்டிவிட்டு, போனை வைத்ததும் உங்கப்பா செங்கோட்டையனைப் பார்த்துச் சிரித்தார். நம் பட்டறை மேஸ்திரியை உனக்கு ஞாபகம் இருக்கும், உன் கல்யாணப் பந்தியில் பாயசத்தை வாளியோடு வாங்கப் பார்த்தவர். இடுக்கு உட்டா நெல்லு ஒழுகாதா என்று இவர் கேட்கிறார், மொத்தமும் ரோட்டுல கொட்டிப் போயிருமுங்ணா என்று அவர் சொல்கிறார். இங்கே யார் நெல் ஏற்றப் போகிறார்கள் என்று நான் நடுவில் கேட்டேன். பாடின்னா பாடிதான் புள்ளை, நாலு பேர் பாத்தா இடுக்கு உட்டுக் கட்டியிருக்கறான்னு பட்டறை பேரு கெட்டுப் போயிரும் என்றார்.

கட்டினார்கள். எறும்புகூடச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும், அவ்வளவு நெருக்கம். அதோடு விட்டார்களா, சுற்றிலும் லாரிக்குப் போடுகிற மாதிரி பக்கப் பலகை, தார்ப்பாய் கட்டுவதற்குக் கொக்கி, ஏறுகிற பக்கம் சங்கிலி மாட்டிய பின்கதவு. பத்து டன் ஏத்தினாலும் அசையாது என்று தட்டித் தட்டிக் காட்டினார். அப்புறம் லாரிக்கு எழுதுகிற பெயிண்டர் வந்தார். என்ன எழுதுவது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, கை தன் பழக்கத்துக்கு எழுதிவிட்டது. பின்கதவில் ஒலி எழுப்பவும் என்று எழுதியிருக்கிறார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நான் சாய்ந்து உட்கார வேண்டிய பக்கத்தில், மஞ்சள் பட்டையில் சிவப்பு எழுத்தில், ஆட்களை ஏற்றக் கூடாது என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். அழிக்கச் சொல்லுங்க என்றேன். எழுத்து நல்லா உழுந்திருக்குது, அதை எதுக்கு அழிக்கோணும் என்று உங்கப்பா விட்டுவிட்டார்.

பூஜையும் புது வண்டிக்குச் செய்கிற மாதிரியேதான். நாலு மூலைக் காலுக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, பட்டறை ஆட்கள் எல்லாரும் கும்பிட்டு நின்றார்கள். வண்டியாக இருந்தால் ஓட்டிப் பழத்தை நசுக்கிவிடலாம். இது நகராதே. கொஞ்ச நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள், செங்கோட்டையன் மேலே ஏறிக் குதித்துக்கூடப் பார்த்தார், பழம் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. நான் நாலையும் பொறுக்கிக்கொண்டு போய், பிழிந்து சர்க்கரை போட்டு அவர்களுக்கே கொடுத்தேன். நல்லா இருக்குதுங்க்கா என்று குடித்துவிட்டுப் போனார்கள்.

ஆவணியில் ஒரு மழை பெய்தது. தண்ணீர் இறங்க வழி இல்லாமல் டெக் மேலேயே தொட்டி கட்டின மாதிரி நின்றது, நான் துடைப்பத்தை வைத்துத் தள்ளித் தள்ளி மாய்ந்தேன். அது வடிந்து வெயில் வருவதற்குள் பலகை எல்லாம் ஊறி ஒன்றை ஒன்று நெட்டித் தள்ளி, நடுப்பலகை பூரி மாதிரி எழும்பிவிட்டது. உங்கப்பா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். மழை இந்த வருசம் ஒரு தினுசா பெஞ்சுருச்சு என்றார். மழையைத் திட்டினார், மரக்கடைக்காரரைத் திட்டினார், மாப்பிள்ளை சொன்னதைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. அந்த வாரமே எல்லாவற்றையும் கழற்றி, சத்தம் காட்டாமல் இடுக்கு விட்டு மறுபடி அடித்தார்கள். நான் மளிகைச் சாமான் எழுதுகிற பென்சிலைக் காணோம் என்று வீடெல்லாம் தேடினால், அதைத்தான் பலகைக்கு நடுவில் வைத்து அளந்துகொண்டிருக்கிறார். யோகேஷ் கிட்டச் சொல்லிராதே என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். நான் சொல்லவில்லை, எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான்.

சரி, இனிமேலாவது உட்காரலாம் என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் வினையே. ஒரு தடவை பலகை எழும்பியதில் உங்கப்பாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கரையான் வரக்கூடாது என்று அடிப்பக்கம் முழுக்கப் பட்டறையிலிருந்து பழைய இன்ஜின் ஆயிலைக் கொண்டுவந்து பூசினார், பக்கத்துக் கொடியில் காய்ந்த என் புடவையில் கறுப்பாக வரி விழுந்தது. மேல்பக்கத்துக்கு ஆளிவிதை எண்ணெய், அது காய்வேனா என்கிறது, காய்ந்தால் மறுபடி ஒரு பூச்சு. கிட்டப் போனால் காயட்டும் என்கிறார். காய்ந்த பிறகு போனால் கால்ல மண்ணு இருக்குது என்கிறார். கழுவிக்கொண்டு போனால் கால்ல ஈரம் இருக்குது என்கிறார். மிளகாய் காயப் போடக் கூடாது, வடகம் பிழியக் கூடாது, உப்பு இறங்கிவிடுமாம். கொல்லிமலைப் பக்கம் லேசாகக் கறுத்தாலே தார்ப்பாய் போட வேண்டும், இன்னொரு முனையைப் பிடிக்க நான் ஓட வேண்டும், அதுவும் இந்தக் குதிகாலை வைத்துக்கொண்டு. குதிகால் வலிக்காரிக்காகக் கட்டிய மேடையைச் சுற்றி அந்தக் குதிகால் வலிக்காரியே சிமெண்டில் ஓடிக்கொண்டிருக்கிறேன். எதிர்வீட்டுப் பூனை மட்டும் தினமும் அதில் படுத்துத் தூங்குகிறது, அதை எழுப்ப அவருக்கு மனசு வராது.

அதற்குள் தீபாவளிச் சீர் பேச உன் மாமியார் மோகனூரிலிருந்து வந்திருந்தார்கள். செல்லியம்மாள் சம்பந்தி எப்போதும் போல வாழைப்பழமும் பூவுமாக, நல்ல பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்தார்கள். நான் காபி கலக்க உள்ளே போனேன், அந்த நேரத்தில் அவர்கள் புழக்கடைக்குப் போய், அடடே ஜோரா இருக்குதே என்று சங்கிலியை எடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். முதல் நாள் பூசிய எண்ணெய் பிசுபிசு என்று இருக்கிறது. எழுந்திருக்கப் பார்க்கிறார்கள், புடவை வரமாட்டேன் என்கிறது. நான் ஒரு கையைப் பிடித்து இழுக்கிறேன். உங்கப்பா ஓடி வந்தார், சம்பந்தியம்மாவைத் தூக்கிவிடத்தான் வருகிறார் என்று நினைத்தேன், மனுஷன் குனிந்து பலகையில் தடம் விழுந்துவிட்டதா என்று பார்க்கிறார். எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. சம்பந்தி ஒன்றும் கோபப்படவில்லை. ஏனுங்ணா, பலகைக்கு ஒண்ணும் ஆகலீங்களே என்று கேட்டார்கள், அதில் இருந்த குத்தல் அவருக்கு ஏறவே இல்லை, இல்லீங்க இல்லீங்க, தொடச்சுக்கலாம் என்றார். தீபாவளிக்கு எனக்கு எடுத்து வைத்திருந்த புதுப் புடவையைக் கட்டிவிட்டு அனுப்பினேன். வாசலில் செருப்பு மாட்டும்போது என் காதோடு கேட்டார்கள், ஏனுங்க சம்பந்தி, உங்களுக்குன்னு கட்டினதுன்னு சொன்னீங்களே, நீங்க ஒரு நாளாச்சும் அதுல உக்காந்தீங்களா என்று.

அது மனசில் கிடந்து அறுத்துக்கொண்டே இருந்தது. போன செவ்வாய்க்கிழமை, நீ கூப்பிடுகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், உங்கப்பா பட்டறைக்குப் போயிருந்தார். சங்கிலியை எடுத்துவிட்டு ஏறினேன். ஆட்களை ஏற்றக் கூடாது என்பதன் மேலேயே முதுகைச் சாய்த்துக்கொண்டு இரண்டு காலையும் நீட்டினேன். பலகை வெதுவெதுப்பாக இருந்தது, சொன்னால் நம்ப மாட்டாய், குதிகாலில் அந்தக் குத்தல் அப்படியே இறங்கிப் போனது. பூனை ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு நகர்ந்து இடம் விட்டது. நீ கூப்பிட்டால் நானும் டெக்கில் உட்கார்ந்துதான் பேசுகிறேன் என்று காட்டலாம் என்று நினைத்தேன், போனை உள்ளே மேசை மேல் வைத்துவிட்டு வந்தது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அந்த நேரம் பார்த்துக் கொல்லிமலைப் பக்கம் கறுத்தது. பட்டறையிலிருந்து அதைப் பார்த்துவிட்டு உங்கப்பா வண்டியை முறுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். தார்ப்பாயைத் தோளில் போட்டுக்கொண்டு, எந்திரி புள்ளை, மழை வருது, மூடோணும் என்றார். மூடுங்க என்றேன். நீ எந்திரிச்சாத்தான மூட முடியும் என்றார். நான் எந்திரிக்கறதா இல்லீங்க, பத்து டன் தாங்கும்னு ஊரெல்லாம் சொன்னீங்களே, என்னைத் தாங்காதா, பலகை நனையப் போகுதுன்னு பறந்து வந்தீங்க, அது மேல ஒருத்தி உக்காந்திருக்கறது உங்க கண்ணுக்குத் தெரியுதா என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது, ஒரு பலகைக்காக அழுகிறோமே என்று எனக்கே வெட்கமாகவும் இருந்தது.

அவர் தார்ப்பாயைத் தோளிலிருந்து இறக்கினார். அதன் ஒரு பக்கத்தை ஜன்னல் கம்பியில் கட்டி, இன்னொரு பக்கத்தைத் தென்னை மரத்தோடு லாரிக்காரர் முடிச்சுப் போட்டு இழுத்துக் கட்டினார். என் தலைக்கு மேல் கூரை ஆகிவிட்டது, பாதி டெக் வெளியே நின்றுவிட்டது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டு நின்றவரை, உள்ள வாங்க என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவரும் அதில் உட்கார்வது அதுதான் முதல் தடவை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆஸ்பத்திரியில் ஆளைப் பார்க்கிற மாதிரி நனைகிற பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் விழுந்தது, இடுக்கு வழியாக இறங்கிப் போனது, ஒரு இடத்திலும் நிற்கவில்லை. இடுக்கை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை வெவரமான ஆளுதான் என்றார். பிறகு என் காலைப் பார்த்து, வலி எப்படி இருக்குது புள்ளை என்றார். இப்ப இல்லீங்க என்றேன். உள்ளே நீ கூப்பிட்டுப் போன் அடித்துக்கொண்டிருந்தது, இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு ஏன் எடுக்கவில்லை என்று கேட்டாயே, இதுதான் காரணம்.

இன்று காலையில் ஒரு மஞ்சள் பெயிண்ட் டப்பாவோடு வந்தார். பெயிண்டரைக் கூப்பிடவில்லை, செங்கோட்டையனையும் கூப்பிடவில்லை. குத்தவைத்து உட்கார்ந்து, ஆட்களை ஏற்றக் கூடாது என்பதைத் தன் கையாலேயே அடித்து மறைத்தார். ஒலி எழுப்பவும் மட்டும் இருக்கட்டுமா என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன், உட்கார்ந்த இடத்திலிருந்து டீ கேட்க உதவும்.

நீங்கள் இரண்டு பேரும் எல்லா வளமும் பெற்று நீண்ட ஆயுளோடு ஒற்றுமையாக இருக்க வேண்டும், அங்கே இன்னும் குளிர் விடவில்லை என்கிறாய், காதை மூடிக்கொள். ஒன்றை மறக்காதே, உன் மாமியாருக்குப் போன் போட்டு, பட்டுப் புடவைக்காக அம்மா ரொம்ப வருத்தப்பட்டாள் என்று நீயாகச் சொல்வது போலச் சொல். உங்கப்பா வருத்தப்பட்டார் என்று சொல்லாதே, நம்ப மாட்டார்கள். அடுத்த வருஷம் மாப்பிள்ளையோடு வா சாமி, நாலு பேரும் கால் நீட்ட இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் நலமே நினைக்கும் அம்மா,
முத்தாயம்மாள்

பெயிண்ட் காய்கிற வரைக்கும் யாரும் டெக்கில் உட்காரக் கூடாது, உள்ளேயே இரு என்று சொல்லிவிட்டு உங்கப்பா பட்டறைக்குப் போயிருக்கிறார். இதை டெக்கில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். தாளின் ஓரத்தில் மஞ்சளாக ஏதாவது தெரிந்தால் பருப்புப் பொடி சிந்திவிட்டது என்று நினைத்துத் தட்டாதே, போகாது.