கிளமென்ட்டைக் கவிழ்க்க இருபத்து மூன்று பிழைகள்

17-8-87, திங்கள்
சுடலைமுத்து ஆகிய நான், ஆபீஸ் முழுவதற்கும் மாமா, சத்தியம் செய்து எழுதுகிறேன்: இனி வரும் கதையை ஸ்ரீரங்கத்தில் ஒரு ஜீவனும் நம்பாது.

ஆலைக் கிடங்கில் எந்தச் சாமான் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறோம். மூன்று மாதம் தாமதம். இன்று மீட்டிங்கில் எங்கள் பிரிவுத் தலைவன் கிளமென்ட் வாய் கூசாமல் சொன்னான்: "லேட்டுக்குக் காரணம் மாமாதான் சார். வயசாயிடுச்சு, கை ஓடல."

கை ஓடலையா! நான் கீபோர்டைத் தட்டினால் உச்சிப்பிள்ளையார் காதைப் பொத்திக்கொள்வாரே!

மானேஜர் தர்மராஜ் சொன்னார்: "ஆயுத பூஜைக்கு ஓடணும். இல்லேன்னா கிளமென்ட், உங்க இடத்துல வேற ஆளு."

வேற ஆளு. அடியேன் இருக்கேனே.

24-8-87
புரோகிராமைச் சோதிப்பது லூர்துராணி. கண்ட பிழைகளை ரிஜிஸ்டரில் எழுதி, வாரம் எத்தனை என்று சுவரில் சிவப்புக் கோடு போடுவாள். கோடு இறங்கினால் வேலை முடியப்போகிறது. ஏறினால் தேதி பொய். மானேஜர் ஆளை நம்பமாட்டார், கோட்டைத்தான் நம்புவார்.

போன வாரம் 14. இந்த வாரம் 9.

7-9-87
4. விசிலடித்துக்கொண்டு போகிறான் படுபாவி கிளமென்ட். என் வயிற்றெரிச்சலில் பாலத்துக்குக் கீழே காவிரி கொதித்து, மீனெல்லாம் வெந்து மிதந்தது.

14-9-87
செய்துவிட்டேன். லூர்துராணி சாப்பிடப் போன சமயம் ரிஜிஸ்டரில் இருபத்து மூன்று பிழைகள் எழுதினேன். ஒன்றையும் ஓட்டிப் பார்க்கவில்லை, எல்லாம் கற்பனை. ஆணி கேட்டால் கிரேன் காட்டுகிறது. செவ்வாய்க்கிழமை சாமானெல்லாம் மறைகிறது. ஒரே போல்ட்டை இரண்டு டெர்மினலில் ஒரே நேரத்தில் எடுத்தால் இருப்பு ஒரு தடவைதான் குறைகிறது. இப்படி.

15-9-87
சிவப்புக் கோடு சமயபுரத்திலிருந்து பார்த்தாலும் தெரியும். கிளமென்ட் முகத்தில் ரத்தம் இல்லை. நான் இரண்டு சாப்பாடு சாப்பிட்டேன்.

22-9-87
லூர்துராணி குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தாள். "கையெழுத்து உங்களது மாமா. ஓட்டிப் பாத்தேன், இருபத்திரண்டு பிழை வரவே இல்ல."

"இன்னொண்ணு?"

"போல்ட் வருது. பத்து தடவை போட்டேன், பத்து தடவையும் வருது."

தீர்ந்துபோன போல்ட்டை இருக்கிறது என்று காட்டினால் ஆலையே நின்றுவிடுமே!

"மத்த இருபத்திரண்டுக்கும் 'சரி செய்யப்பட்டது'ன்னு எழுதிட்டேன். உங்க வேலை போயிடக் கூடாதுல்ல?"

அடிப்பாவி. கிளமென்ட்டின் ஆட்களில் ஒவ்வொருவனும் மற்றவன்தான் சரி செய்தான் என்று நினைத்துக்கொண்டான்.

28-9-87
கிளமென்ட் தானாகவே மானேஜரிடம் போனான். "ஒரு பெரிய பிழை பாக்கி இருக்கு சார். பூஜைக்கு ஓட்ட வேண்டாம்." ஒழிந்தான் என்று கதவுக்கு வெளியே சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

"ஒரே வாரத்துல இருபத்திரண்டு பிழையைச் சரி பண்ணிட்டீங்களா!" என்றார் தர்மராஜ். "இந்த வேகத்துக்கு இன்னும் ரெண்டு வாரம் தரலாம்யா. பொறுப்பை நீங்களே பாத்துக்கங்க."

நான் எழுதி, நான் ஏற்றிய கோடு. கைதட்டல் அவனுக்கு!

1-10-87
ஆயுத பூஜை. கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம். புரோகிராம் ஓடவில்லை.

கிளமென்ட் பொரிகடலைப் பொட்டலத்தோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "போல்ட் பிழையைக் கண்டுபிடிச்சது நீங்களாமே, லூர்துராணி சொன்னா. அன்னிக்கு மீட்டிங்ல நான் பேசினது தப்பு மாமா. சேர்ந்து சரி பண்ணலாமா?"

ஒருத்தனை நிம்மதியாகப் பழிவாங்கக்கூட விடமாட்டானா இவன்? பொரியை வாங்கிக்கொண்டேன். சாயங்காலம் வரை இரண்டு பேரும் அந்தப் பிழையோடு மல்லுக்கட்டினோம்.

இருபத்திரண்டும் என் புளுகு. அந்தப் போல்ட் மட்டும், எனக்கே தெரியாமல், நிஜம்.