டி'ரோஸ் பெயருக்கு நடுவே ஒரு குறி

செப்டம்பர் 8, திங்கள்

காலையிலேயே வெயில். உப்பளப் பக்கத்துக் காற்று, முகமெல்லாம் பிசுபிசுப்பு. ஓட்டப்பிடாரம் பஸ் இருபது நிமிடம் தாமதம். உட்கார இடமில்லை.

வேலைகள்: சீட்டில் தேதி இடம் மாற்ற (ஆயிற்று). அச்சு ஓரம் (ஆயிற்று). பெயர் (ஆகவில்லை).

கப்பல் ஏஜென்சிக்கு நாங்கள் செய்துகொடுத்த இணையதளம். துறைமுகத்துக்குள் வேலைக்குப் போகிற அவர்களுடைய ஆட்களுக்கு நுழைவுச் சீட்டு அதிலிருந்துதான் அச்சாகிறது. அங்கே பெயர்களை டைப் செய்யும் சகாயமேரி பத்து மணிக்குப் போன் செய்தாள்.

"அக்கா, டி'ரோஸ்னு நான் சரியாத்தான் அடிக்கேன். சேவ் பண்ணினா நடுவுல நண்டு ஊர்ந்த மாதிரி என்னமோ வருது."

பார்த்தேன். டி-க்கும் ரோஸுக்கும் நடுவே மேலே தொங்க வேண்டிய சின்னக் குறியைக் காணோம். அந்த இடத்தில் ' என்று ஆறு எழுத்து. போட்டோ மாற்றுவதற்காக அவள் இன்னொரு முறை சேவ் செய்திருக்கிறாள். வால் நீண்டுவிட்டது: &#039;

காரணம் கண்டுபிடிக்க அரை மணி நேரம். ராஜதுரை சார் எழுதிவைத்த 'க்ளீன்' ஃபங்ஷன். யாரும் தளத்துக்குள் விஷமக் கட்டளை எதையும் நுழைத்துவிடக் கூடாது என்று, உள்ளே வருகிற குறிகளைச் சேமிக்கும் முன்பே மாற்றிவிடுகிறது. திரையில் காட்டும்போது, பக்கத்தை அமைக்கும் டெம்ப்ளேட் மறுபடி மாற்றுகிறது. இரண்டு காவல்காரர்கள், ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. மாற்ற வேண்டியது காட்டுகிற இடத்தில் மட்டும். ஒரே தடவை.

சாரிடம் சொன்னேன். கம்பெனி அவருடையது, ஃபங்ஷனும் அவருடையது.

"ஏளா, அது ஏழு வருசமா ஓடுது. ஒருத்தரும் குறை சொல்லல. நீ வந்து எட்டு மாசம் ஆகுது."

"கடக்கரைப் பக்கம் நெறய பேருக்கு இந்தக் குறி உள்ள பேருதான் சார்."

"அப்போ குறிய விட்டுட்டு அடிக்கச் சொல்லு."

ஆதாரில் குறி இருக்கிறதே என்றேன். அதற்குள் வேறு போனை எடுத்துவிட்டார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

மதியம் தயிர் சாதம், புளித்துவிட்டது. கீபோர்டில் 'ந' எழுத்து ஒட்டிக்கொள்கிறது.

தளத்தின் சோதனைப் பிரதியில் க்ளீனை எடுத்துவிட்டுப் பார்த்தேன். பெயர் சரியாக வருகிறது. எத்தனை முறை சேவ் செய்தாலும் மாறவில்லை. சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். உட்காராமலே பார்த்தார்.

"க்ளீன்ல கை வைக்காத. நம்ம சைட்டு எல்லாத்துலயும் அதுதான் இருக்கு. வெள்ளிக்கிழம பாப்பம்."

சகாயமேரி மறுபடி போன். "சீட்டு அடிக்கவாக்கா? மேனேஜர் கேக்காவ."

"அடி. ரெண்டு நாள்ல சரியாயிரும்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன். சும்மா வாயில் வந்தது.

செப்டம்பர் 11, வியாழன்

எழுதவே கை வரவில்லை. நடந்ததை மட்டும்.

ஒரு சரக்குக் கப்பலின் சுழல்விசிறியில் பழைய வலை சுற்றிக்கொண்டது. அறுத்தெடுக்க ஏஜென்சி அனுப்பியது இரண்டு டைவர்களை. அந்தோணி டி'ரோஸ், அவர் தங்கை புருஷன் ஜெரால்டு. இரண்டு பேருமே சங்குகுளி ஆட்கள், எப்போதும் சேர்ந்துதான் இறங்குவார்கள். ஒருவர் அறுப்பார், ஒருவர் பார்த்துக்கொள்வார்.

கேட்டில் சீட்டையும் ஆதாரையும் சேர்த்துப் பார்த்தார்கள். அந்தோணியின் பெயர் ஒத்துப்போகவில்லை. உள்ளே விடவில்லை. காவலர் மேல் குற்றமில்லை, அவர் வேலை அது. கப்பல் கிளம்ப வேண்டும் என்று அவசரப்படுத்தியிருக்கிறார்கள். ஜெரால்டு தனியாக இறங்கியிருக்கிறார். வலது கை வலையில் சிக்கிவிட்டது. விடுவிக்கப் பக்கத்தில் ஆள் இல்லை. இரண்டு விரல் போய்விட்டது.

ஏஜென்சி மேனேஜர் பதினோரு மணிக்குப் போன் செய்தபோது சார் ஸ்பீக்கரில் போட்டார். நான் எதிரில்தான் இருந்தேன்.

"டைப் அடிச்ச பிள்ளதான் தப்பா அடிச்சிருக்கு சார். நம்ம சிஸ்டம் சுத்தமா இருக்கு."

என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போனை வைத்ததும் டெம்ப்ளேட்டைத் திறந்தார். குறி மாற்றும் வேலையை அதிலிருந்து மொத்தமாக எடுத்துவிட்டார். டி'ரோஸ் பெயரைத் தானே ஒரு தடவை புதிதாக அடித்தார். சரியாக வந்தது.

"பாத்தியா? ஒரே வரி."

செப்டம்பர் 12, வெள்ளி

அந்த ஒரு வரி கதவைத் திறந்துவிட்டது. ஆட்கள் அதிகம் இருந்தால் ஏஜென்சியில் எக்செல் பட்டியலாக ஏற்றுவார்கள். அந்த வழியில் க்ளீன் கிடையாது. டெம்ப்ளேட்தான் காவல் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. பட்டியலில் 'குறிப்பு' கட்டத்தில் யாராவது கட்டளை எழுதி ஏற்றினால், பக்கத்தைத் திறக்கிறவர் கம்ப்யூட்டரில் அது ஓடும். சோதனைப் பிரதியில் எழுதி ஏற்றினேன். திறந்ததும் திரை நடுவில் ஒரு பெட்டி முளைத்து 'வணக்கம்' என்றது. நான் எழுதியதுதான். இருந்தாலும் சட்டென்று மூடினேன்.

சாரிடம் காட்டினேன்.

"யாரு எக்செல்ல இப்படி எழுதப் போறா? உனக்கு வேற வேல இல்லயா?"

நான்கு மணிக்கு சகாயமேரி. ஆபீஸ் நம்பர் இல்லை, அவளுடைய சொந்த நம்பர்.

"அக்கா, என்னைய வர வேண்டாம்னுட்டாவ. நான் தப்பா அடிச்சேனாம். அதனாலதான் அந்த அண்ணனுக்கு விரலு போச்சுன்னு சொல்லுதாவ. எங்க தெருவுலயே சொல்லுதாவக்கா."

அழவில்லை. அழுதிருந்தால் ஆறுதல் சொல்லித் தப்பித்திருப்பேன்.

"பாக்கேன்" என்றேன். எவ்வளவு கேவலமான சொல்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கோபம். சார் மேல் பாதி. மீதி யார் மேல் என்று தெரியும்.

செப்டம்பர் 13, சனி

அரை நாள் ஆபீஸ். சார் ஆறுமுகநேரியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்.

பழைய பதிவுகளை எடுத்தேன். ஒவ்வொரு சேவிலும் என்ன வந்தது, என்ன சேமித்தது என்று தளம் குறித்துவைக்கிறது. சகாயமேரி முதலில் அனுப்பியது: டி'ரோஸ். குறி அதன் இடத்தில். சேமித்தது: வால். எட்டாம் தேதி, காலை 9.42. இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

பிறகு சோதனைப் பிரதியில் முழுசாகச் செய்தேன். வந்ததை வந்தபடி சேமிக்க. காட்டும் இடத்துக்குத் தகுந்த மாதிரி மூன்று சின்ன ஃபங்ஷன். பக்கத்தில் வரும் எழுத்துக்கு ஒன்று, ஸ்கிரிப்டுக்குள் போவதற்கு ஒன்று, இணைப்பு முகவரிக்கு ஒன்று. மூன்றும் சேர்த்து நாற்பது வரி இல்லை. சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிட்டது. இதற்கா.

கெட்டுப்போன பெயர்களைச் சரிசெய்வதுதான் இழுத்தது. சிலதில் ஒரு வால், சிலதில் இரண்டு, ஒன்றில் ஐந்து. டி'சூசா. டி'மெல். மணப்பாட்டிலிருந்து ஒரு டி'ரோஸ், இது வேறு ஆள். மெஷினை நம்பவில்லை. ஒவ்வொன்றாக ஆதார் நகலோடு வைத்துப் பார்த்தேன்.

மேனேஜருக்கு மெயில். மூன்று தடவை எழுதி அழித்தேன். முதலாவதில் மன்னிப்பு அதிகம், இரண்டாவதில் கோபம் அதிகம். கடைசியில்: டைப்பில் பிழை இல்லை. பிழை எங்கள் தளத்தில். எனக்குத் திங்கட்கிழமையே தெரியும். பதிவுகள் இணைப்பில். எக்செல் ஓட்டை பற்றித் தனியாக நான்கு வரி. சாருக்கும் ஒரு நகல்.

மூன்று மணிக்கு அனுப்பினேன். அனுப்பிவிட்டு மானிட்டரைத் துணியால் துடைத்தேன். எதற்கென்று தெரியவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

சார் வந்ததும் கதவைச் சாத்தினார்.

"உங்கிட்ட யாராவது கேட்டாவளா?"

"இல்ல சார்."

"பொறவு?"

"அந்தப் பிள்ளைக்கு வேல போச்சு சார்."

"எனக்கு கம்பெனி போயிருந்தா?"

அவர் வீட்டிலும் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். ஃபேன் வேகத்தைக் கூட்டினார். பிறகு, திருத்தியதை ஏற்றச் சொன்னார். மேனேஜர் எழுத்தில் கேட்டிருக்கிறாராம். ஏற்றி முடித்ததும் என்னை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார். இனி ஒரு ஜவுளிக்கடைத் தளம். அதிலும் க்ளீன் இருக்கிறது. பதினேழு ஃபைலில்.

மாலை சகாயமேரி போன். நாளையிலிருந்து வரச் சொல்லிவிட்டார்களாம்.

நன்றி சொல்வாள் என்று நினைத்தேன். நினைத்ததை எழுதிவைக்கிறேன், வெட்கமாக இருந்தாலும்.

"திங்கக்கெழமயே தெரியும்னு மெயில்ல போட்டிருந்தியளாம்."

"ஆமா."

"சீட்டு அடிக்கவான்னு நான் கேட்டேம்லாக்கா."

வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 17, புதன்

அரை நாள் லீவு. ஆஸ்பத்திரி. போகாமல் இருந்துவிடலாம் என்று பழைய பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்து முடிக்கும்வரை நினைத்தேன். ஆரஞ்சு அரை கிலோ வாங்கினேன்.

ஜெரால்டு சுவரோரக் கட்டிலில். வலது கையில் பெரிய கட்டு. பக்கத்து ஸ்டூலில் அந்தோணி. ஐம்பது வயது இருக்கும், நெஞ்சு அகலமான ஆள். யார் என்று சொன்னேன். எழுந்து ஸ்டூலை எனக்குப் போட்டார். அதுதான் தாங்க முடியவில்லை.

"என்னதான் நடந்துச்சு? புரியுத மாதிரி சொல்லும்மா."

மருந்துச் சீட்டின் பின்பக்கம் அவர் பெயரை எழுதினேன். குறி போட்டேன். ஒருமுறை மாறினால் எப்படி, இரண்டாம் முறை மாறினால் எப்படி என்று கீழே கீழே எழுதிக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு விரல் வைத்துப் பார்த்தார்.

"இந்தப் புள்ளிக்கா என்னைய வெளிய நிறுத்தினான்."

"ஆமா."

"இப்ப சரி பண்ணியாச்சா?"

"பண்ணியாச்சு."

"எம்புட்டு நேரமாச்சு உனக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம்.

"ஒரு காலைப் பொழுது" என்றேன்.

சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஜெரால்டு ஒரு ஆரஞ்சை எடுத்து இடது கையில் பிடித்துப் பல்லால் தோலைக் கடித்துக்கொண்டிருந்தார். வாங்கி உரித்துக் கொடுத்தேன்.