ஒரு சாண் குழி

வைகாசி 6, இரவு

அவர் இன்னும் கண் திறக்கவில்லை. மாற்றுத்துணி எடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தேன்.

புயலடித்துக் கரண்ட் இல்லாமல் கிடந்த அந்தக் கார்த்திகையில், அவருடைய இன்சுலினை ஒரு மண்கலயத்தில் போட்டுக் கொல்லையில் ஒரு சாண் ஆழத்தில் புதைத்து வைத்தேன். கெடவில்லை. போன மாதம் ஃபிரிட்ஜ் ரிப்பேரானதும் அதே இடத்தில், அதே ஒரு சாணில் புதைத்தேன்.

இன்று நர்ஸம்மாவிடம் இதைச் சொன்னேன்.

"கார்த்திகையில சரிங்க. சித்திரை வெயில்ல மேல்மண்ணு அடுப்பாட்டம்ல இருக்கும். மருந்து செத்துப் போயிருக்கும்," என்றார்.

வந்ததும் கலயத்தை எடுத்துவிட்டுக் குழிக்குள் கையை வைத்தேன். பொழுது சாய்ந்தும் சுட்டது. கடப்பாரையால் இன்னும் ஒரு முழம் தோண்டினேன். அங்கே மண் குளிர்ந்து கிடந்தது. வெயில் அவ்வளவு தூரம் இன்னும் இறங்கவில்லை.

ஒரு முழம்தான்.

ஊசி போட்டும் சர்க்கரை ஏறியபோது அவரைத்தான் திட்டினேன். "அரிமளம் கடைவீதிக்குப் போயி எனக்குத் தெரியாம பலாச்சுளை தின்னுட்டு வாரீங்க."

"சத்தியமா திங்கலடி," என்றார்.

நான் நம்பவில்லை. பத்து நாள் முகங்கொடுத்துப் பேசவில்லை. ஊசியை மட்டும் நேரம் தவறாமல் போட்டேன்.