தொட்டில் வீட்டில் ஒலித்த தட்டு

ஆடி 4, செவ்வாய்
காலையிலிருந்து காற்று. காப்பியில் செம்மண். சென்னையிலிருந்து பார்சல்: என் மனைவி சி. எழுதிப் பாடிய இரண்டாவது இசைத்தட்டு. முதல் தட்டு கோமதியம்மன் மேல். அது ஒலிக்காத கோயில் கொடைவிழா இந்தப் பக்கத்தில் இல்லை. இதில் சாமி கிடையாது. பியானோ, நாலு வயலின், அவள் குரல். அவ்வளவே.
"கேட்டுட்டு ஒரு வார்த்த சொல்லுங்க" என்றாள்.
பள்ளிக்கூடக் கட்டுரை நோட்டு திருத்த வேண்டும் என்றேன்.

ஆடி 6, வியாழன்
சி. கோவிலுக்குப் போனதும் கேட்டேன். நாலு தடவை. ஒரு பக்கம் சுமார். மறுபக்கம் எங்கள் பிள்ளை. எட்டு மாதம்தான் உயிரோடு இருந்தான். முதல் இரண்டடி தாலாட்டு. மூன்றாமடியில் தொட்டில் காலி. நாலாமடியில், பக்கத்து அறையில் ஒருவன் புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறான். புத்தகத்தின் பெயரையும் என் பெயரையும் சொல்லாமல் விட்டது நாகரிகம்.
உறையில் போட்டு, இருந்தபடியே வைத்தேன்.
"கேட்டியளா?"
"நேரமில்ல."

ஆடி 9, ஞாயிறு
செருப்பு தைக்க. சிவப்பு மை வாங்க.
கடைத்தெருவில் மாடசாமி. விசேஷ வீடுகளில் குழாய் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போடுகிறவர். அவரிடம் மூன்று பெட்டி: கல்யாணம், சடங்கு, தொட்டில். பெட்டியில் அடங்காத பாட்டு அவருக்குப் பாட்டே அல்ல. சி.யின் தட்டு அவருக்கும் வந்திருக்கிறது.
"அண்ணாச்சி, வீட்டம்மா பாட்ட எந்தப் பெட்டில போட? சாமி பேரையே காணோமே."
"கேட்டீரா?"
"ரெண்டு வரி கேட்டேன். ஆராரோன்னு வருது."
"பிறகென்ன வே? தொட்டில்."
முகம் மாறாமல் சொன்னேன். அது எனக்குக் கைவந்த கலை.

ஆடி 12, புதன்
ஜவுளிக்கடைக்காரர் பேரனுக்குத் தொட்டில் விசேஷம். சி. போனாள். எனக்குத் தலைவலி. குழாய்ச் சத்தம் வீட்டுக்கே கேட்டது. சி.யின் பாட்டு, மூன்றாமடி. மைக்கை மூட மறந்திருக்கிறார்கள்.
"ஏலே மாடசாமி, நிறுத்துலே! பச்சப்புள்ள வீட்டுல ஒப்பாரியா?"
இன்னொரு பெண் குரல்: "தன் புள்ளைய முழுங்கிட்டு இங்கன வந்து பாடுதா பாரு."
பிறகு கரகர. பிறகு கல்யாணப் பாட்டு.
சி. திரும்பி வந்தாள். முகம் கழுவினாள். வெகுநேரம் கழுவினாள்.
"நீங்க சொல்லித்தான் போட்டதா மாடசாமி சொல்லுதாரு. கேட்டுட்டுச் சொன்னியளா, கேக்காமச் சொன்னியளா?"
கேட்டுவிட்டு என்றால் கொடுமை. கேட்காமல் என்றால் அலட்சியம். குற்றம் குறைந்ததைத் தேர்ந்தேன்.
"கேக்காமத்தான்."
முகம் துடைத்த துண்டை மடித்துக் கொடியில் போட்டாள்.
"உங்களுக்குத்தான் பாடினேன்" என்றாள்.
இரவு ரசம் மட்டும்.

ஆடி 14, வெள்ளி
காற்று நின்றுவிட்டது. செருப்பு இன்னும் தைக்கவில்லை. மூன்றாவது தட்டு கேட்டுக் கம்பெனி எழுதியிருந்தது. இனிப் பாடுவதாக இல்லை என்று சி. பதில் எழுதி, பிழை பார்த்துத் தரச் சொன்னாள். பிழை ஒன்றும் இல்லை. நானே கொண்டுபோய்த் தபாலில் போட்டேன்.